நினைவுப் புலமைப்பரிசில் காசை வேறு வேலைக்கு எடுக்கலாமா?

கேள்வி:
கொழும்பில் ஒரு கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தின் நன்கொடையாளர் பிரிவில் போன மாதம்தான் சேர்ந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு ஐயா, காலமான மனைவியின் நினைவாக, ஒரு குறிப்பிட்ட பாடம் படிக்கும் மாணவருக்கென்று புலமைப்பரிசில் நிதி தந்திருக்கிறார். இந்த வருடம் அந்தப் பாடத்துக்கு மாணவர் யாரும் இல்லை, காசைக் கட்டட வேலைக்கு எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில் 1:
எடுக்கக்கூடாது தங்கச்சி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1267ஆம் பிரிவே சொல்கிறது, குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தந்த காணிக்கையை அதற்கு மட்டும்தான் செலவழிக்கலாம். நிதியை அப்படியே வைத்துவிட்டு ஐயாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பாடத்தை மாற்றுவதென்றாலும் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும்.

பதில் 2:
எழுதுவதற்கு முதல் ஒரு கோல் எடுங்கோ பிள்ளை, நமக்குப் பின்னேரம், அங்கே காலை. அவர் மனைவியைப் பற்றிப் பேசினால் இடையில் மறிக்காமல் கேளுங்கோ, காசுக் கதை அப்புறம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளைக்கே சுவாமியிடம் (பாதிரியாரிடம்) கதைக்கிறேன்.