காடோ அம்புமுனைகள்: வடிவம் மாறுவது இடத்தினாலா, காலத்தினாலா?

இளவேனில்:
அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸில் வாழ்ந்த காடோ என்னும் பூர்வகுடி மக்களின் கல் அம்புமுனைகளைப் படங்களில் ஒப்பிட்டு வருகிறேன். நெச்சஸ் ஆற்றின் மேற்பகுதியில் கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை பெர்டிஸ் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் காம்பு, அதாவது அம்புத்தண்டில் பொருந்தும் அடிப்பாகம், கீழே செல்லச் செல்லக் குறுகிக் கூராக முடிகிறது. வடக்கே, பிக் சைப்ரஸ் ஓடைப் பக்கத்தில், காம்பே இல்லாமல் அடிப்பகுதி உள்வளைந்த முக்கோணங்கள் நிறையக் காணப்படுகின்றன. இவற்றை டால்கோ, மாட் என்று வகைப்படுத்துகிறார்கள். இதை வட்டார வழக்கு என்று கொள்வது சரியா?

கற்சில்லு:
பாதி சரி. ஏறத்தாழ கி.பி. 900 முதல் 1200 வரையிலான முற்காலத்தில், காடோ நிலப்பரப்பின் பல பகுதிகளில் அகன்ற தோள்களும் (காம்புக்கு மேலே இருபுறமும் நீட்டிய பகுதி) சிறிய காம்பும் கொண்ட ஆல்பா வகை பரவலாக இருந்தது. நீங்கள் குறிப்பிடும் முக்கோணங்கள் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. பிக் சைப்ரஸ் பகுதியிலேயே, டைட்டஸ் எனப்படும் பிற்காலக் காடோ காலகட்டத்து ஈமக்குழிகளில், பெர்டிஸும் பாசெட் என்னும் இன்னொரு வகையும் முந்தியவையாகவும் மாடும் டால்கோவும் பிந்தியவையாகவும் வரிசைப்படுகின்றன. ஆகவே, வடக்கின் பிந்திய குழியொன்றைத் தெற்கின் முந்திய குழியொன்றோடு ஒப்பிட்டால், காலத்தின் மாற்றம் இடத்தின் வேறுபாடு போலத் தோன்றிவிடும். ஆனால் வடக்கே முக்கோணம் பெருகிய பின்பும் நெச்சஸ் பக்கத்தில் காம்புள்ள முனைகளே நீடித்தன என்பதால், உண்மையான வட்டார வேறுபாடும் இருக்கத்தான் செய்கிறது.

மூலக்கல்:
கல்லையும் மறந்துவிடக் கூடாது. ஆர்க்கன்சாவின் வாஷிட்டா மலைகளில் நோவாகுலைட் என்னும் வெண்மையான, நேர்த்தியாகச் செதுங்கும் கல் பாறையாகவே கிடைக்கிறது. கிழக்கு டெக்சாஸில் இருந்தவர்களுக்கோ பெரும்பாலும் ஆற்றுச் சரளையில் பொறுக்கிய சிறு குவார்ட்சைட் கூழாங்கற்களும் கல்லாகிய மரத்துண்டுகளும்தாம் வாய்த்தன. கூழாங்கல் சிறியதானால் முனையும் சிறியதாகும். போதாதற்கு, நுனி முறிந்ததை மறுபடி கூராக்கியபோது அலகு (காம்புக்கு மேலுள்ள வெட்டும் பகுதி) குட்டையாகியிருக்கும்; நீளத்தை அளந்து வட்டாரம் பிரிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். காம்பு நாணல் அம்புத்தண்டுக்குள் கட்டுண்டு கிடப்பதால் அவ்வளவாக மாறுவதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இளவேனில்:
அப்படியானால், கல்லும் காலமும் ஒத்திருக்கும் முனைகளை மட்டும் ஒப்பிட வேண்டும், இல்லையா? ஒரே வகைக்குள்ளேயே வேறுபாடு தென்பட்டிருக்கிறதா?

கற்சில்லு:
தென்பட்டிருக்கிறது. காடோ ஈமக்குழிகளில் கிடைத்த பெர்டிஸ் முனைகளின் புறவடிவைக் கணினியில் வடிவியல் முறைப்படி ஒப்பிட்டபோது, வடபகுதி முனைகளும் தென்பகுதி முனைகளும் தனித்தனியே பிரிந்தன. வகைப்பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அதேவேளை, பெர்டிஸ் காடோ மக்களுக்கு மட்டும் உரியதன்று. மத்திய டெக்சாஸின் டோயா மரபினரும் அதைச் செய்தார்கள். எனவே, ஒற்றை முனையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்தவர் யார் என்று சொல்ல இயலாது.

மூலக்கல்:
படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, குழியில் கொத்தாகக் கிடைத்தவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். சில குழிகளில் முனைகள் அனைத்தும் ஒரே திசையை நோக்கி நெருக்கமாகக் கிடக்கும்; தூணியும் அம்புத்தண்டுகளும் மட்கிப்போக, கல் மட்டும் எஞ்சிய நிலை அது. ஓக்லஹோமாவில் உள்ள ஸ்பைரோ தொல்லிடத்தின் கிரேக் மேடு என்னும் ஈமமேட்டைப் புதையல் தேடிகள் 1933 முதல் 1935 வரை தோண்டி விற்றதால், அங்கிருந்து வெளியேறிய பல பொருள்களுக்கு இத்தகைய இடக்குறிப்பு இல்லை. அழகாக இருந்தாலும் அவற்றை உங்கள் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.