குடியரசு நாள் கொடியேற்றம் பற்றிய என் கேள்வி: புதுப்பிப்பு

மொட்டைமாடிக்கு ஏற முடியாத முதியவர்களும் கலந்துகொள்ளும்படி, எங்கள் சென்னை அடுக்ககத்தில் ஜனவரி 26 அன்று கொடியை எங்கே ஏற்றலாம் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

நுழைவாயிலை ஒட்டிய திறந்தவெளியில், உச்சியில் கப்பி பொருத்திய இரும்புக் குழாயை நடலாம் என்ற யோசனையே கைகொடுத்தது. சக்கர நாற்காலியில் வந்த மூன்றாம் மாடிப் பாட்டி கயிற்றை இழுத்துக் கொடியை விரித்தபோது, பல ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே இருந்த சிலரும் சுற்றி நின்று நாட்டுப்பண் பாடியது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

குடியிருப்போர் சங்கக் கொடியையும் அதே கம்பத்தில் கட்டலாமா என்ற விவாதமும் முடிந்தது. 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு அதை அனுமதிப்பதில்லை. மடித்த கொடிக்குள் பூவிதழ்கள் வைப்பதை அனுமதிக்கிறது.

எதிர்பாராதது பனிதான். முதல் நாள் இரவே கட்டி வைத்திருந்த பருத்திக் கயிற்றின் முடிச்சு ஈரத்தில் இறுகி, விடியற்காலையில் இழுத்துப் பார்த்தபோது அவிழவில்லை. ஆகவே கொடியை இறக்கி, உலர்ந்த நைலான் கயிற்றில், ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சாக மீண்டும் கட்டினோம். காவிப் பட்டை மேலே வருகிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுவது நல்லது.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கொடி இரவிலும் பறக்கலாம் என்றாலும், கதர்த்துணி நனையக் கூடாது என்பதற்காக மாலையிலேயே மெதுவாக இறக்கி மடித்து வைத்துவிட்டோம்.