புதுப்பிப்பு: ஃபோர்ட் வொர்த் போய் வந்தாச்சு

டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் மாட்டு ஊர்வலம் தவிர என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டேன். சரி, ஊர்வலத்தையும் விடவில்லை. ஸ்டாக்யார்ட்ஸ் என்ற பழைய மாட்டுச் சந்தைப் பகுதியில் காலை 11.30-க்கும் மாலை 4-க்கும் நடக்கிறது. நான் மணியடித்தாற்போல் 11.30-க்குப் போய் நின்றதில், முன்னால் இருந்தவர்களின் தொப்பிகளுக்கு மேலே நீளநீளமாகக் கொம்புகள் மிதந்து போனதைத்தான் பார்த்தேன், நீங்களாவது அரை மணி முன்னதாகப் போங்கள்.

அசந்துபோனது டாலர் அச்சகத்தில்தான். வாஷிங்டனை விட்டால் அமெரிக்க நோட்டு அச்சாவது இங்கே மட்டும்தான், சுற்றிப் பார்க்கக் கட்டணமும் இல்லை. கையிலிருக்கும் நோட்டில் பொடி எழுத்தில் எஃப்.டபிள்யூ. என்று இருந்தால் அது இந்த ஊர்ச் சரக்கு! கிம்பெல் அருங்காட்சியகக் கட்டடம், நம் அகமதாபாத் ஐஐஎம்மை வடிவமைத்த அதே லூயி கானுடையது; நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசு வேண்டாம். அப்புறம், டல்லாஸிலிருந்து வரும் டி.ஆர்.இ. புறநகர் ரயில் ஞாயிற்றுக்கிழமை ஓடாது.