குரோன்ஸ் (நாள்பட்ட குடல் அழற்சி நோய்) அறுவைக்கு இன்னும் 5 வாரம்: மருந்துகளை நிறுத்தலாமா? என்னென்ன தயார் செய்யணும்?

கேள்வி
நோயாளிக்கு வயது 29. சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைபடுவதால் அதை வெட்டி எடுக்கப் போகிறார்கள். பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 25 மி.கி., அசதயோப்ரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை), இன்ஃப்ளிக்சிமாப் (அழற்சியைத் தணிக்க ஏற்றும் மருந்து) மூன்றும் ஓடுகின்றன. ஆறு மாதத்தில் எடை 62 கிலோவிலிருந்து 54 ஆகிவிட்டது. ஹீமோகுளோபின் 9.4. சிகரெட் பழக்கம் உண்டு. எல்லா மருந்தையும் இப்போதே நிறுத்தினால் காயம் சீக்கிரம் ஆறும் என்கிறார்கள், சரியா? தற்காலிக ஸ்டோமா (குடலை வயிற்றின் மேல் திறந்து, மலம் பையில் சேரும்படி வைப்பது) வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் 1 (குடல்நோய் மருத்துவர்)
நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டை நிச்சயமாகக் கூடாது. வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் அறுவையின்போது ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதே நேரம், 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ஆறு வாரத்துக்கும் அதிகமாக எடுத்த நிலையில் அறுவைக்குப் போனால் வெட்டிய குடலைச் சேர்த்துத் தைத்த இணைப்பு கசிவதும் சீழ் பிடிப்பதும் கூடும். அதனால் இந்த 5 வாரத்தில் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மயக்க மருந்து நிபுணரிடம் ஸ்டீராய்டு விவரத்தை அவசியம் சொல்லுங்கள். ஹைட்ரோகார்டிசோன் (ஸ்டீராய்டு) ஊசி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

அசதயோப்ரினைப் பொதுவாகத் தொடரலாம். இன்ஃப்ளிக்சிமாபுக்காக அறுவையைத் தள்ளிப்போடத் தேவையில்லை: 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த 'புச்சினி' ஆய்வில் இவ்வகை மருந்து தனியாகத் தொற்றைக் கூட்டவில்லை. அடுத்த டோஸின் தேதியை மட்டும் இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

சிகரெட்டை இன்றே விடணும். நான்கு வாரமாவது இடைவெளி கிடைத்தால்தான் காயம் ஆறுவதில் பலன் தெரியும். அறுவைக்குப் பிறகும் புகைத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு.

பதில் 2 (உணவியல் நிபுணர்)
எனக்குக் கவலை தருவது எடைதான். 62-இல் 8 கிலோ என்றால் 13 சதவீதம். 10-ஐத் தாண்டினாலே கடுமையான ஊட்டக்குறைவு. சுருக்கம் இருப்பதால் தோல், விதை, நார் அதிகமுள்ள உணவு வேண்டாம். முழுச்சத்து திரவ உணவை மட்டுமே 4 முதல் 6 வாரம் கொடுக்கும் முறை இவருக்கு ஏற்றதா என்று கேளுங்கள். குடல் அழற்சியும் தணியும், ஸ்டீராய்டைக் குறைப்பதும் சுலபமாகும். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது தினமும் 65 முதல் 80 கிராம். பல நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் என்றால் மெதுவாகத் தொடங்கி, ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்துக்கொண்டே கூட்டணும்.

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருப்பதால் இரும்புச்சத்தை ரத்தநாளம் வழியாக ஏற்றுவதே நல்லது. அழற்சி இருக்கும்போது மாத்திரை சரியாகச் சேராது, வயிற்றையும் படுத்தும்.

காத்திருக்கும் நாட்களில் வாந்தி, வயிறு உப்பல், வாயு பிரியாமை மூன்றும் சேர்ந்தால் அறுவைத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவு.

பதில் 3 (ஸ்டோமா செவிலியர்)
அறுவைக்கு முன்பே வயிற்றில் இடம் குறிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்து, மடிப்பும் பெல்ட் கோடும் படாத, நோயாளி தன் கண்ணால் பார்க்க முடிகிற இடமாக இருக்கணும். இதை விட்டால் பிறகு பை ஒட்டாமல் தினமும் கசியும்.

பையைத் தோலில் ஒட்டும் தகட்டின் துளை ஸ்டோமாவை விட 2-3 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். முதல் 6-8 வாரத்தில் ஸ்டோமா சுருங்கும், வாரம் ஒருமுறை அளங்கள். பழைய அளவிலேயே வெட்டினால் சுற்றியுள்ள தோல் புண்ணாகிவிடும்.

சிறுகுடல் ஸ்டோமாவில் ஒரு நாளில் 1.5 லிட்டருக்கு மேல் போனால் அழையுங்கள். அப்போது வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு: அது குடலுக்குள் உப்பை இழுத்துக்கொண்டு வெளியேறும், உடல் இன்னும் வறளும். ஒரு லிட்டர் நீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் கலந்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிக்கணும்.

கேட்டவர்
மிக்க நன்றி. வீடு திரும்பிய பிறகு எதற்குப் பயப்படணும்?

பதில் 4 (அறுவை சிகிச்சைப் பிரிவு)
இணைப்புக் கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில், அதுவும் 5-7ஆம் நாளில் தெரியவரும். காய்ச்சல் வரும் முன்பே நாடி வேகமாகலாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வலியும் காய்ச்சலும் மங்கலாகவே இருக்கும் என்பதால் 'ஏதோ சரியில்லை' என்று அவர் சொன்னாலே கூட்டி வாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை வீட்டிலும் 4 வாரம் வரை தொடரணுமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

கடைசிச் சிறுகுடல் 20 செ.மீ.க்கு மேல் போயிருந்தால் பி12 அளவை ஆண்டுதோறும் பார்க்கணும். குடலை இணைத்த பின் நீர்த்த பேதி நீடித்தால் பித்த அமிலம் காரணமாக இருக்கலாம். கொலஸ்டிரமின் அதற்கு உதவும், ஆனால் மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி முன்போ 4-6 மணி பின்போ எடுக்கணும். உடம்பு தேறிவிட்டது என்று 6ஆம் மாதக் கொலனோஸ்கோபியை (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) தவறவிடாதீர்கள்: இணைப்புக்கு மேலே புண்கள் அறிகுறி வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும், தடுப்பு மருந்தை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.