அச்சகத்துக்கென்று தனி மார்க்கெட்டிங் மேனேஜர்: வைத்தவர்கள் வழி சொல்லுங்கள்

எங்களுடையது 6 பேர் வேலை செய்யும் சின்ன அச்சகம். ஹைடல்பெர்க் ஜிடிஓ 52 இரண்டு வண்ண ஆஃப்செட் மெஷின், ஒரு டிஜிட்டல் பிரிண்டர். 8 மாதமாக வாரத்தில் இரண்டு நாள் ஆஃப்செட் சும்மா நிற்கிறது. பில் புக், லேபிள் அடித்த பழைய வாடிக்கையாளர்கள் திரும்ப வருவதில்லை. தரத்தில் யாரும் குறை சொல்லவில்லை. நாங்கள்தான் போய்க் கேட்கவில்லை.

விலையைக் குறைத்துப் பார்த்தோம். பிளேட் (அச்சுத் தகடு), மெஷின் செட்டிங் செலவு 500 தாளுக்கும் 5,000 தாளுக்கும் ஒன்றுதான் என்பதால் சின்ன ஆர்டர்கள் கையைக் கடித்தன. ஃபேஸ்புக் விளம்பரத்தில் விசாரணைகள் வந்தன. கொட்டேஷன் அனுப்பவே இரண்டு நாள் ஆனது. அப்புறம் டிசைனரையே வாடிக்கையாளர்களிடம் பேசச் சொன்னோம், அவர் பார்க்கும் ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி) வேலை தேங்கிவிட்டது.

இதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அப்படி வைத்தவர்கள், முதல் மூன்று மாதம் அவருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?