மறு: 'பெற்ற' மருந்து எதிர்ப்பா, தொற்றியதா?

> பெற்ற மருந்து எதிர்ப்பு, பரவிய மருந்து எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரித்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

நம் எச்.ஐ.வி. கட்டுரையில் மருந்து எதிர்ப்பை (வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போவதை) அப்படிப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் 'பெற்ற' இடிக்கிறது. எய்ட்ஸ் என்பதன் விரிவில் 'பெறப்பட்ட' என்றால் பிறவியில் இல்லாமல் பிறகு வந்தது. 'பெற்ற மருந்து எதிர்ப்பு' என்று இங்கே சொல்ல வந்ததோ, மருந்து சாப்பிடுபவரின் உடலுக்குள்ளேயே வைரஸ் மாறிக்கொள்வதை. 'பெற்ற எதிர்ப்பு' என்று படித்தால் யாரிடமிருந்தோ வாங்கியது என்றுதான் தோன்றும்.

நம் கட்டுரை அமெரிக்கக் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்களைப் பற்றியது என்பதால் இது முக்கியம். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அப்போதைய நிலை நீடித்தால் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களில் கறுப்பினத்தவர் 2 பேரில் ஒருவருக்கும், லத்தீன் இனத்தவர் 4 பேரில் ஒருவருக்கும், வெள்ளையர் 11 பேரில் ஒருவருக்கும் வாழ்நாளில் எச்.ஐ.வி. கண்டறியப்படும் என்றது. நடத்தைதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். ஆய்வுகளோ கறுப்பின ஆண்கள் மற்றவர்களைவிட அதிக ஆபத்தாக நடந்துகொள்வதில்லை என்றே காட்டின. பலருக்குக் காப்பீடு இல்லை, சிகிச்சை தாமதமாகிறது, அதனால் வைரஸ் அடங்காதவர்கள் அவர்களுடைய சிறிய வட்டத்தில் அதிகம். எதிர்ப்புள்ள வைரஸும் அதே வட்டத்துக்குள்தான் சுற்றும்.

வைரஸின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதன் மரபணுவைப் பிழை திருத்தாமல் படியெடுக்கும். ரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருந்தால், பிழையால் தப்பிய வைரஸ் பெருகிவிடும். கே103என் என்ற மாற்றத்தில் அந்த நொதியின் 103-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போய் அஸ்பராஜின் வரும். எஃபாவிரென்ஸ், நெவிரபின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் இரண்டும் பலிக்காமல் போகும். இந்த மாற்றம் வைரஸைப் பெரிதாகப் பலவீனப்படுத்துவதில்லை. மருந்தே இல்லாத உடலிலும் வருடக்கணக்கில் தங்கும், அடுத்தவருக்கும் போகும். ஒரு மாத்திரைகூட விழுங்காத பையனுக்கு வைரஸின் மரபணுவைப் பார்க்கும் முதல் மரபணுவகைச் சோதனையிலேயே இது தெரியவரலாம். சிகிச்சை தொடங்கும்போதே அங்கே அந்தச் சோதனையைச் செய்யச் சொல்வது இதற்காகத்தான். டோலுடெகிராவிர் என்ற மருந்து வேறொரு நொதியைத் தாக்குவதால் அது அவனுக்குப் பலிக்கும் என்பது ஆறுதல். ஆனால் யாரிடமிருந்தோ வாங்கியது என்று எண்ணி அவனுடையதையும் 'பெற்ற எதிர்ப்பு' என்று யாராவது எழுதிவிட்டால், கலைச்சொல் தெரிந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்ற பழியை அவன் தலையில்தான் போடுவார்கள்.

என் பரிந்துரை: தொற்றுவழி மருந்து எதிர்ப்பு, சிகிச்சைவழி மருந்து எதிர்ப்பு. 'மரபுவழி' பழகிய சொல்தானே, அதே அச்சு.

> 'உடன்தொற்று எதிர்ப்பு' எப்படி?

காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருப்பதற்கு அந்தச் சொல் போய்விட்டது. குழப்பும்.

அன்புடன்.

———

அம்மா, வணக்கம்.

'தொற்றுவழி' சரி, 'பெற்ற'வை விட்டுவிடுகிறேன். 'சிகிச்சைவழி'யில் ஒரு ஓட்டை இருக்கிறது. தொற்றுக்கு முன்பே தடுப்பாகப் போடும் மாத்திரை 2012-இலிருந்து அமெரிக்காவில் அனுமதியில் உள்ளது. தொற்று ஏற்கெனவே இருப்பது தெரியாமல் அதைத் தொடங்கினால் எம்184வி என்ற எதிர்ப்பு மாற்றம் வைரஸில் வரலாம். அவர் சிகிச்சையில் இல்லையே! அதனால் 'மருந்துவழி எதிர்ப்பு' என்று வைக்கலாமா? 'மருந்துவழி மருந்து எதிர்ப்பு' என்று இரட்டிக்காமல், முதல் இடத்தில் மட்டும் 'மருந்து எதிர்ப்பு' என்று விளக்கிவிட்டு, அப்புறம் தொற்றுவழி எதிர்ப்பு, மருந்துவழி எதிர்ப்பு என்றே போகலாம். 'நோய் எதிர்ப்பு' வரும் பத்திகளில் மட்டும் முழுதாக எழுதிவிடுவோம்.