பிரெஞ்சு மாணவியை மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்க்க எங்களைப் போன்ற குடும்பத்தால் முடியுமா?

ஸ்ருட்காட் தாய் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். ஜேர்மன் - பிரெஞ்சு இளைஞர் அலுவலகத்தின் பிரிஜித் சோசே திட்டத்தில் சேரும்படி அவளுடைய பிரெஞ்சு ஆசிரியை கேட்டிருக்கிறார். பிரான்சில் உள்ள ஒரு மாணவி மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்கி, மகளுடன் அதே பாடசாலைக்குப் போவாள். பின்னர் மகள் அவர்கள் வீட்டில் மூன்று மாதம் தங்குவாள். உணவுக்கோ இடத்துக்கோ இரு குடும்பமும் பணம் வாங்குவதில்லை.

மகளுக்கு மிகுந்த ஆசை. எனக்குத்தான் தயக்கம். எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், சோறும் கறியும்தான் சமைக்கிறோம், என் ஜேர்மன் முதியோர் இல்லத்தில் வேலை செய்தபடி கற்றுக்கொண்டது. ஒரு ஜேர்மன் குடும்பத்தில் வாழலாம் என்று நம்பி வரும் பிள்ளையை நாங்கள் ஏமாற்றுவதாக ஆகிவிடாதா? மூன்று மாதச் சிரமத்துக்குப் பிறகு பிள்ளைகளிடம் என்னதான் மிஞ்சும் என்று கணவரும் கேட்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொலோனில் இருந்து ஒரு பதில்:

சகோதரி, இதே தயக்கத்தோடுதான் நானும் இருந்தேன். எங்கள் மகன் அதே அலுவலகத்தின் வோல்தேர் திட்டத்தில் போனவன். அதில் ஒவ்வொரு பக்கமும் ஆறு மாதம். முதலில் பிரெஞ்சுப் பையன் எங்களிடம் வந்தான். முதல் மூன்று வாரமும் எதைக் கேட்டாலும் தலையாட்டினான், எதைப் போட்டாலும் சாப்பிட்டான், எட்டு மணிக்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நானும் அவனுக்கென்று தனியாகப் பாணும் சீஸும் வாங்கி அடுக்கினேன். இப்போது நினைத்தால், அவனை விருந்தாளியாகவே வைத்திருந்தது என் பிழை.

பின்னர் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொடுத்து, இரவு இரண்டு மணி வரை பக்கத்தில் இருந்தேன். அன்றுதான் அவன் வாய் திறந்து பேசினான். அவனுக்கும் எனக்கும் ஜேர்மன் பிறகு கற்ற மொழி. நான் பிழைவிட்டுப் பேசுவதைக் கேட்டதால் தனக்குக் கூச்சம் போய்விட்டது என்று பின்னாளில் அவனே சொன்னான். ஆகவே உங்கள் ஜேர்மனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வரும் பிள்ளை உங்கள் மகளோடும் வகுப்பு நண்பர்களோடும் நாள் முழுவதும் அந்த மொழிதானே பேசப்போகிறாள்.

என்ன மிஞ்சும் என்று உங்கள் கணவர் கேட்டாரல்லவா? என் மகன் அங்கே போயிருந்தபோது, 1943இல் கட்டாய வேலைக்காக ஜேர்மனிக்குக் கொண்டுபோகப்பட்ட தன் தந்தையைப் பற்றி அந்தக் குடும்பத்துத் தாத்தா சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறார். வரலாற்றுப் பாடத்தில் அதை முன்பே படித்தவன்தான் என் மகன். ஆனால் அந்த மேசையில், “எங்கள் ஜேர்மன் பிள்ளை” என்று அழைக்கப்பட்டவனாக உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான். இங்கே பிறந்து வளர்ந்தும் “நீ எந்த நாடு?” என்ற கேள்வியையே கேட்டுப் பழகியவனுக்கு அந்த அழைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அவன் பெருமைப்பட்டானா, அந்தக் கதையின் பாரத்தைத் தன் மேலும் எடுத்துக்கொண்டானா என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். ஐந்து வருடம் கடந்தும் அந்தத் தாயும் நானும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம்.

லுட்விக்ஸ்பேர்க்கில் இருந்து ஒரு பதில்:

உங்களுக்கு மிக அருகில் இருக்கும் எங்கள் ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்தே வருடத்தில், 1950இல், லுட்விக்ஸ்பேர்க்கும் பிரான்சின் மோன்பெலியார் நகரமும் நட்புறவு பூண்டு இரட்டை நகரங்களாயின. இரு நாடுகளுக்கும் இடையில் அத்தகைய முதல் உறவு அதுதான். அப்போது மோன்பெலியாரின் நகரபிதாவாக இருந்த லூசியன் தாரதன், நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் ஜேர்மன் நகரத்தை நோக்கிக் கை நீட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1962 செப்டெம்பர் 9 அன்று, முதலாம் உலகப்போரில் ஜேர்மனியரிடம் கைதியாக இருந்த பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல், எங்கள் ஊர் அரண்மனை முற்றத்தில் ஜேர்மன் இளைஞர்களிடம் ஜேர்மன் மொழியிலேயே பேசினார். 1963 ஜனவரியில் அவரும் மேற்கு ஜேர்மனியின் தலைமை அமைச்சர் அடனவரும் இரு நாட்டு நட்புக்கான எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டு ஜூலையிலேயே இளைஞர் அலுவலகம் தொடங்கியது. அதன் திட்டங்களில் இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் பங்கேற்றிருக்கிறார்கள். 1870 முதல் 1945 வரை மூன்று முறை போரிட்ட நாடுகள் இவை. தலைவர்களின் கையெழுத்து மட்டும் அந்தப் பகையை ஆற்றியிருக்காது என்பது என் எண்ணம். எதிரி நாட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் படுக்கை விரித்த தாய்மாரின் பங்கை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றைய ஜேர்மனியில் உங்கள் வீடும் ஒரு ஜேர்மன் வீடுதான், சகோதரி.

பாரிஸில் இருந்து ஒரு பதில்:

எல்லாம் நன்றாகவே முடியும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். என் மகள் இதேபோல ஒரு ஜேர்மன் வீட்டுக்குப் போய் ஐந்தாவது வாரத்திலேயே திரும்பி வந்தாள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுடைய பிள்ளைக்கு இந்தப் பரிமாற்றத்தில் விருப்பமில்லை. பெற்றோரின் வற்புறுத்தலுக்காகச் சம்மதித்திருந்தாள். அதை நாங்கள் முன்னரே அறிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டோம். ஆகவே போகும் முன் இரு பிள்ளைகளும் பெற்றோர் இல்லாமல் தனியாகப் பல தடவை பேசட்டும். உணவு, சமயம், வீட்டு வேலை, இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்பதை இரு பாடசாலைகளிடமும் கேட்டுவையுங்கள்.

ஸ்ருட்காட் தாய்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மகளும் நானும் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்கு முதல் கடிதம் எழுதினோம். வீட்டில் தமிழ் பேசுவோம், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே சமைப்போம், மகளோடு அறையைப் பகிர வேண்டியிருக்கும் என்று எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். கணவர் அதை வாசித்துவிட்டு, தானும் சில வரிகள் எழுத வேண்டும் என்று வாங்கி வைத்திருக்கிறார்.